தொட்டி எத்தனை மணிக்கு வெளியே வருகிறது?

அக்கம் பக்கத்துக் குப்பைச் சண்டைகளைப் பற்றி எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் படிக்கப் படிக்க, வேலையில் இருந்த நாட்கள் கண்முன் வந்துவிட்டன. 29 வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். காவிரிக் கரை ஊர்கள் சிலவற்றில் ஓடியாடிவிட்டு, கடைசி 11 வருடம் திருச்சியில் இருந்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு மஸ்டர் (பணியாளர் வருகைப் பதிவு) எடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினால், முதல் புகார் பெரும்பாலும் தொட்டியைப் பற்றித்தான் இருக்கும். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஏழாக ஆக்கியிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எங்கள் வாசலும் பக்கத்து வீட்டு வாசலும் ஒட்டி இருக்கின்றன. அவர்கள் இரவு பத்து மணிக்கே குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து இரண்டு கேட்டுக்கும் நடுவில் வைத்துவிடுகிறார்கள். காலையில் கோலம் போட வந்தால், நாய் இழுத்துப்போட்ட முட்டை ஓடும் மீன் செதிலும் என் வாசலில் கிடக்கின்றன. கேட்டால் ‘தெரு பொதுதானே’ என்கிறார் அந்த அம்மா. ஒன்றரை வருடமாகப் பேச்சு இல்லை. வரும் தையில் என் மகள் கல்யாணம். பத்திரிகை வைக்கப் போகலாமா? அதற்கு முன் நகராட்சியில் புகார் கொடுத்துவிடலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

பத்திரிகை வைக்கப் போங்கள், அம்மா. புகாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். தொட்டியின் நிறம், மூடி உடைந்த கதை, போன ஆடியில் நடந்த வாக்குவாதம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் நான் தேடிய இரண்டு விவரங்கள் அதில் இல்லை. உங்கள் தெருவுக்கு வண்டி எத்தனை மணிக்கு வருகிறது? அந்த வீட்டில் காலையில் யார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், உறையூர்ப் பக்கம் ஒரு சந்தில் இதே வழக்கு என்னிடம் வந்தது. ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர். பக்கத்து வீட்டில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு பெண், இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு. டீச்சர் எழுதிக் கொடுத்த புகார்கள் மட்டும் ஐந்து. நான் மூன்று நாள் விடியற்காலை அந்தச் சந்தில் நின்று நேரத்தைக் குறித்தேன். இரவு 10.10-க்குத் தொட்டி வெளியே வந்ததை டீச்சர் சொன்னார். 4.40-க்கு நாய். 5.35-க்கு அந்தப் பெண் பஸ்ஸுக்கு ஓடுகிறார். 5.50-க்கு டீச்சர் வாளியோடு வருகிறார். 7.35-க்குத்தான் வண்டி. அப்படியென்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அந்தத் தொட்டி ஆளில்லாமல் தெருவில் நின்றிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வேறு வழியும் இல்லை. வண்டி வரும்போது வீட்டில் பெரியவர்கள் யாரும் கிடையாது. பிள்ளைகள் எட்டு மணிக்குப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள், அதுவும் சின்னப் பிள்ளைகள்.

இந்த நேரக் கணக்கை நான் டீச்சரிடம் படித்துக் காட்டினேன். “அந்தப் பொண்ணு ஐந்தரைக்கே போயிடுதா?” என்று கேட்டார். பக்கத்து வீடு, ஆறு வருடமாகப் பார்க்கிறார், தெரியவில்லை. அன்றைக்கே ஒரு ஏற்பாடு செய்தோம். தொட்டி இரவில் கேட்டுக்கு உள்ளேயே, மூடி போட்டு, மூடிமேல் ஒரு செங்கல் வைத்து நிற்கும். கேட்டைத் தாழ் மட்டும் போட்டுவைப்பார்கள். வண்டிக்கார அம்மா தாழைத் திறந்து எடுத்துக்கொள்வார். டீச்சர் திரும்பத் தாழ் போடுவார். நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சந்திலிருந்து ஆறாவது புகார் வரவில்லை.

ஈரக் குப்பை தெருவில் நிற்கும் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நம் ஊர் வெயிலில் வீட்டு ஈ இட்ட முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். ஏழு முதல் பத்து நாளில் அது பறக்கும் ஈயாகிவிடும். குப்பையைத் தினமும் எடுக்க வேண்டும் என்று நாங்கள் மன்றாடுவதற்கு அதுதான் காரணம். இரவு முழுக்க வெளியே நின்றால் நாய், விடிந்தால் காக்கை, வெயில் ஏறினால் ஈ. அரை மணி நேரம் மட்டும் நின்றால் இவை எதற்கும் இடம் இல்லை.

‘தெரு பொது’ என்று அவர் சொன்னதற்கும் பதில் உண்டு. பொது என்பதனால்தான் அங்கே குப்பையைப் போடக் கூடாது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, வீட்டுக் குப்பையைத் தெருவில், பொது இடத்தில், சாக்கடையில் போடவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்று தெளிவாக இருந்தது. பிரித்து, உங்கள் இடத்திலேயே வைத்திருந்து, எடுக்க வருபவரிடம் கொடுக்க வேண்டும். ஆனால் இதை முதல் நாளே போய்ச் சொல்லாதீர்கள்.

பத்திரிகை வைக்கப் போகிற அன்றைக்குத் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். குங்குமம் கொடுத்து, பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிட வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டு வாருங்கள். ஒரு வாரம் போகட்டும். அப்புறம் வாசலில் பார்க்கும்போது, “காலையில் எத்தனை மணிக்கு கிளம்புறீங்க? நம்ம தெருவுக்கு வண்டி இத்தனை மணிக்குத்தான் வருது” என்று ஆரம்பியுங்கள். ‘உங்க குப்பை’ என்ற சொல் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி வரும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருப்பவர் என்றால், அவர்கள் தொட்டியையும் சேர்த்து எடுத்துக் கொடுப்பதாகச் சொல்லிப் பாருங்கள். கல்யாண வீட்டுக்காரர் சொன்னால் தட்டமாட்டார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் புகார் கொடுங்கள். அதில் கோபத்தைக் குறைத்து நேரத்தை எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொட்டி வெளியே வந்தது, எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது. ஐந்து நாள் அப்படி எழுதிய தாள் கையில் இருந்தால் எந்த ஆய்வாளரும் ஒதுக்கிவைக்க முடியாது.

நாங்கள் குப்பையைக் கேரி பேக்கில் போட்டு, நன்றாக முடிச்சுப் போட்டுத்தான் வைக்கிறோம். அப்படியும் நாய் கிழிக்கிறது, மாடு இழுக்கிறது. எதிர் வீட்டுக்காரர் எங்களைத்தான் திட்டுகிறார். முடிச்சுப் போட்டு வைத்தது எங்கள் தப்பா?
– வாசகர், கும்பகோணம்

முடிச்சுதான் தப்பு, தம்பி. வருத்தத்தோடு சொல்கிறேன்.

நாய்க்குக் கிழிக்கத் தெரியும். மாட்டுக்குத் தெரியாது. உள்ளே சோறும் வாழைப்பழத் தோலும் இருப்பது வாசனையில் தெரிந்துவிடும். முடிச்சை அவிழ்க்க முடியாமல் பையோடு விழுங்கிவிடும். அந்தப் பை வெளியே வருவதில்லை, வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. இறந்த மாட்டின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக்கை வாரி வாரிக் குவித்ததைக் கால்நடை மருத்துவமனையில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குத் தடை இருக்கிறது. கேரி பேக்கும் அதில் அடக்கம். ஆகவே பையே வேண்டாம். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். அடியில் பழைய நியூஸ் பேப்பரை இரண்டாக மடித்துப் போடுங்கள். ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். மீன், கறி வாங்கிய நாளில் கழிவைப் பேப்பரில் சுற்றி ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் வைத்துவிட்டு, மறுநாள் வண்டி வரும்போது எடுத்துப் போடுங்கள். என் வீட்டில் 15 வருடமாக இப்படித்தான். முதலில் என் மனைவி முகம் சுளித்தார். நாய் கேட்டுப் பக்கம் வருவதை நிறுத்திய பிறகு அவரே மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எதிர் வீட்டுக்காரரிடம் “பையை நிறுத்திட்டோம் சார்” என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. தெருமுனையில் இருந்த பெரிய தொட்டியை எடுத்த பிறகு, தெருவே அங்கேதான் கொட்டுகிறது. கேட்டால் “உங்க இடமா?” என்கிறார்கள். மனைக்காரர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பாம்பு வருகிறது. மழை பெய்தால் கொசு. சட்டம் என்று ஒன்று இருக்கிறதா?
– வாசகர், விருத்தாசலம்

இருக்கிறது. ஒன்றுக்கு மேலும் இருக்கிறது. ஆனால் முதலில் மனைக்காரர் யார் என்று கண்டுபிடியுங்கள். ஊர் முழுக்க ‘வெளிநாட்டில் இருக்கிறார்’ என்று சொல்லும் ஆளை யாருமே தேடியிருக்க மாட்டார்கள், என் அனுபவம் அது. மனையின் சர்வே எண் தெரிந்தால் அரசின் இணையதளத்தில் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். உறவுக்காரர் ஒருவர் உள்ளூரில் இருப்பார். அவரைப் பிடித்து, நான்கு பக்கமும் கம்பி வேலி போடச் சொல்லுங்கள். வேலி போட்ட மனையில் கொட்ட முக்கால்வாசிப் பேர் தயங்குவார்கள்.

அடுத்து, கொட்டுகிறவர்கள். தெருமுனைத் தொட்டிகளை எடுத்துவிட்டு வீடு வீடாக வாங்கும் முறைக்கு மாறிய எல்லா ஊரிலும் இது நடந்தது. திருச்சியிலும் தொட்டி போய் மாதக்கணக்கில், அது இருந்த அதே இடத்தில் பைகள் விழுந்துகொண்டே இருந்தன. கை பழகிவிட்டது. அந்த இடங்களைச் சுத்தம் செய்து, சாணி தெளித்து, கோலம் போட்டுவைத்தோம். மூன்று நாள் விழவில்லை. நான்காம் நாள் விழுந்தது. மறுபடியும் சுத்தம் செய்து கோலம் போட்டோம். கோலத்தைவிட, அங்கே காலை ஆறு முதல் ஏழு வரை ஒரு ஆள் நின்றதுதான் வேலை செய்தது. எந்த நேரத்தில் கொட்டுகிறார்கள் என்று பாருங்கள். வேலைக்குப் போகிற அவசரத்தில் காலையில் கொட்டுகிறார்கள் என்றால், வண்டி அவர்கள் கிளம்பிய பிறகு வருகிறது என்று அர்த்தம். அப்படியானால் வண்டியின் நேரத்தை மாற்றும்படி பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இது ஆட்களைத் திட்டித் தீராது.

இனி சட்டம். பொதுத் தொல்லையை அகற்றும்படி உத்தரவிட வருவாய்க் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 152-வது பிரிவு. எழுத்தில் மனுக் கொடுத்தால் போதும். மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊரில் சாக்கடை நாற்றம் தாங்காமல் ஒரு தெருக்காரர்கள் இந்தப் பழைய பிரிவின் கீழ்தான் போனார்கள். நகராட்சி ‘பணம் இல்லை’ என்றது. 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், பணம் இல்லை என்பதைச் சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து தப்பிக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர், சுகாதாரத் துறையில் இருப்பவன் மறக்கக் கூடாத வழக்கு என்றார். நான் மறக்கவில்லை.

இன்னொரு கதவும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. துப்புரவுப் பணி என்பது சட்டப்படி ஒரு பொதுப் பயன்பாட்டுச் சேவை. உள்ளாட்சி அமைப்பு குப்பையை எடுக்கவில்லை என்றால், மாவட்டத்துக்கான நிரந்தர மக்கள் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. எங்கே, எப்படி என்று நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். சண்டை இரண்டு வீட்டுக்கு நடுவில்தான் என்றால், வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து இருவரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லலாம். வழக்குப் போட்டுப் பத்து வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைவிட அது எவ்வளவோ மேல்.

கொசுவுக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். கொட்டாங்குச்சி, டீ கப், உடைந்த மூடி, இளநீர்க் கூடு ஆகியவற்றில் தேங்கிய தண்ணீரில்தான் டெங்குக் கொசு வளர்கிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒரு தடவை, ஞாயிறு காலையில், தெருப் பிள்ளைகளை விடாமல் பெரியவர்களே கையுறை போட்டுக்கொண்டு அவற்றைக் கவிழ்த்துவிடுங்கள்.

எனக்கு மூன்று மாதக் குழந்தை. ஒரு நாளைக்கு ஐந்தாறு டயப்பர். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொதுத் தொட்டியில் போடுகிறேன். கீழ் வீட்டு மாமி நாற்றம் என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். நாப்கினைப் பற்றியும் சொன்னார். எனக்கு அவமானமாகிவிட்டது. டாய்லெட்டில் போட்டுவிடலாமா என்று நினைக்கிறேன்.
– வாசகி, சென்னை, வேளச்சேரி

டாய்லெட்டில் மட்டும் போட்டுவிடாதே, அம்மா. என் மகள் வயசு உனக்கு, அதனால் ஒருமையில் எழுதுகிறேன்.

டயப்பர் தண்ணீரைக் குடித்து ஊதி, குழாயை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அடுத்து என்ன நடக்கும் தெரியுமா? யாராவது ஒரு ஏழையைக் கூப்பிட்டு, ‘கொஞ்சம் இறங்கிப் பார்’ என்பார்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைப் பாதாளச் சாக்கடையில் இறக்குவதை 2013-ம் வருடச் சட்டம் குற்றம் என்கிறது. அப்படியும் இறக்குகிறார்கள், சாகிறார்கள். உன் குளியலறையிலிருந்து அதற்கு ஒரு காரணம் போக வேண்டாம்.

இப்படிச் செய். டயப்பரில் இருக்கும் மலத்தை முதலில் டாய்லெட்டில் தட்டி ஊற்றிவிடு. நாற்றத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். பிறகு இறுக்கமாகச் சுருட்டி அதன் ஒட்டுப் பட்டையாலேயே ஒட்டு. நியூஸ் பேப்பரில் சுற்று. பேப்பர் மேல் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போடு. நாப்கினுக்கும் இதேதான். அந்தக் குறியைப் பார்த்தால் எடுப்பவர் பிரித்துப் பார்க்க மாட்டார். 2016 விதி இவற்றைச் சுற்றிக் கொடுக்கச் சொன்னது. 2026 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய விதிகள், ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என்று நான்காகவே பிரிக்கச் சொல்கின்றன. ஆகவே இதற்கென்று ஒரு சின்ன மூடி வாளியை உன் பால்கனியில் வைத்துக்கொள். படிக்கட்டுக்குக் கீழே இரவு முழுக்க அது கிடக்க வேண்டியதில்லை. காலையில் வண்டி வரும் நேரம் தெரிந்துகொண்டு, கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடு. கைக்குழந்தையோடு இறங்க முடியாத நாளில் உன் கணவர் இறங்கட்டும்.

மாமி நாற்றத்தைச் சொன்னது நியாயம். நாப்கினை எல்லோர் முன்னாலும் சொன்னது நியாயமே இல்லை. அதில் வெட்கப்பட உனக்கு எதுவும் இல்லை. அவரிடம் போய் நீ செய்திருக்கும் ஏற்பாட்டை மட்டும் சொல். குழந்தையைத் தூக்கிக்கொண்டே போ.

மாடியில் 200 லிட்டர் டிரம்மில் உரம் போடுகிறேன். ஆறு மாதமாக ஒரு கிலோ ஈரக் குப்பைகூட வெளியே கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட என்மேல் பக்கத்து வீட்டுக்காரர் நாற்றம், பூச்சி என்று புகார் கொடுத்திருக்கிறார். நல்லது செய்தால் இதுதான் பலனா?
– வாசகி, கோவை

உங்கள் முயற்சிக்குக் கை கூப்புகிறேன். ஆனாலும் நாற்றம் என்று அவர் சொன்னால், நாற்றம் இருக்கிறது. சரியாக வேகும் உரம் மழை பெய்த மண்ணைப் போலத்தான் மணக்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்று போகவில்லை, ஈரம் மிஞ்சிவிட்டது.

ஒரு கூடை காய்கறிக் கழிவுக்கு ஒன்றரைக் கூடையாவது காய்ந்த இலையோ தேங்காய் நார்த்துகளோ மரத்தூளோ சேர வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் ஒரு கைப்பிடி தூவுவார்கள், அங்கேதான் கெடுகிறது. கழிவு தெரியாதபடி மூட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரல் நனையலாம், சொட்டக் கூடாது. டிரம்மின் பக்கவாட்டில் துளைகள் இருக்கட்டும். மூன்று நாளுக்கு ஒரு தடவை கம்பியால் கிளறுங்கள். கறி, மீன், எண்ணெய்ப் பலகாரம், மிஞ்சிய குழம்பு வேண்டாம். புளித்த மோர் கொஞ்சம் தெளிக்கலாம். இரவுச் சமையல் கழிவை மறுநாள் மதியம்வரை சிங்க்கில் வைத்திருந்து போட்டால், போடும்போதே ஈ முட்டையோடு போடுகிறீர்கள். சமையல் முடிந்ததும் போட்டுவிடுங்கள்.

தடித்த, பழுப்பு நிறப் புழுக்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் வீட்டு ஈயின் புழுக்கள் இல்லை, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும் வேறு ஒரு ஈயின் புழுக்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது எப்படித் தெரியும்? டிரம்மை அவர் சுவர் ஓரத்திலிருந்து உங்கள் மாடியின் அடுத்த மூலைக்கு இன்றைக்கே நகர்த்துங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள், வடியும் தண்ணீர் அவர் சுவரில் கறையாக இறங்கக் கூடாது. 45 முதல் 60 நாளில் உரம் தயாரானதும் முதல் பை அவர் வீட்டுச் செடிக்குப் போகட்டும்.

என் சின்ன வயசில் எங்கள் ஊரில் கொல்லைக்குக் கொல்லை எருக்குழி இருக்கும். அப்போதும் குப்பைக்காகச் சண்டை உண்டு. என் குழியிலிருந்து ஒரு கூடை எருவை எடுத்துவிட்டான் என்று பங்காளிகள் பஞ்சாயத்துக்குப் போவார்கள். அந்தப் பொருளைத்தான் இன்றைக்கு ஒருவர் வாசலில் ஒருவர் தள்ளிவிடுகிறோம். நீங்கள் அதை மறுபடியும் எருவாக்குகிறீர்கள், விட்டுவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுத் தாத்தா தினமும் சாயங்காலம் இலைச் சருகோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்து எரிக்கிறார். என் பையனுக்கு வீசிங். “போகிக்கு எரிக்கலையா?” என்று கேட்கிறார்.
– வாசகி, திண்டுக்கல்

இதில் பொறுமை வேண்டாம். 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுக்கத் தடை செய்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் சொன்னது. பி.வி.சி. மாதிரி பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்ஸின் என்ற நச்சு வரும். போகியில் பிளாஸ்டிக், டயர் எரிப்பதும் தப்புதான்.

தாத்தாவை மிரட்டாமல், அவர் மகனிடமோ மருமகளிடமோ பையனின் இன்ஹேலரைக் காட்டிப் பேசுங்கள். சருகை வாங்கிக்கொள்ள உங்கள் ஊரில் உரம் போடுகிறவர் ஒருவராவது இருப்பார். மேலே கோவை வாசகிக்கு நான் கேட்டது அந்தச் சருகைத்தான். ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் படம் எடுத்து, நேரம் குறித்து, உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். குழந்தையின் மூச்சு விஷயத்தில் அக்கம் பக்கம் பார்க்க வேண்டாம்.

எங்கள் தெருவுக்கு வண்டி தள்ளி வரும் அம்மா, பிரிக்காத குப்பையை வாங்க மாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கோபத்தில் அவர் கண்முன்னே, பிரித்து வைத்திருக்கும் வண்டிக்குள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டுப் போகிறார். “சம்பளம் வாங்கலையா?” என்கிறார். நான் தட்டிக்கேட்டதில் இப்போது எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. நான் தலையிட்டது தவறா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி

தவறே இல்லை, ஐயா. இத்தனை கடிதங்களிலும் அந்த அம்மாவைப் பற்றி எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். மற்ற எல்லாச் சண்டையும் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு நடுவில் நடக்கிறது. இரண்டு வீட்டுக் குப்பையையும் தொடுகிறவர் யாருடைய கடிதத்திலும் ஆளாக வரவில்லை.

அந்த வண்டியில் கலந்து கொட்டியதை அவர் கையால்தான் பிரிக்க வேண்டும். உரம் தயாரிக்கும் மையத்தில் கலப்புக் குப்பையை இறக்கவிட மாட்டார்கள். இறக்கினால் மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்குவது அவர். திரும்பத் தெருவோரத்தில் உட்கார்ந்து பிரித்தால், அடுத்த பத்து வீட்டுக்குத் தாமதம். அந்தப் பத்து வீட்டுத் தொட்டியும் தெருவில் நிற்கும், அங்கே இன்னொரு சண்டை கிளம்பும்.

என் பகுதியில் வேலை பார்த்த ஒரு அம்மாவின் வலது கையை, அட்டைப் பெட்டிக்குள் மறைந்திருந்த உடைந்த டியூப் லைட் கிழித்துவிட்டது. புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மீதித் தெருவை முடித்தார். பாதி வீட்டுத் தொட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன, விட்டுவிட்டுப் போனால் நாய் இழுத்துவிடும் என்றார். பத்து மணிக்கு நான் பார்க்கும்போது துணி முழுக்கச் சிவப்பு. ஆஸ்பத்திரியில் ஏழு தையல், டெட்டனஸ் ஊசி. அந்தப் பெட்டி எந்த வீட்டுடையது என்று தெரிந்து, நான் போய்ச் சொன்னேன். அந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பதறிப்போய்விட்டார். குப்பை வாசலைத் தாண்டிய பிறகு அதற்கு என்ன ஆகிறது என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிப் புரியவைப்பதைவிடப் பார்க்கவைப்பது நல்லது. கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி, மேலே எழுதி, தனியாகக் கொடுங்கள். இன்சுலின் ஊசியைக் கெட்டியான பாட்டிலில் போட்டு மூடிக் கொடுங்கள். இதை நீங்கள் செய்வது அவர் கண்ணில் படும்படி செய்யுங்கள். 2020-லிருந்து அரசு இவர்களைத் தூய்மைப் பணியாளர் என்று அழைக்கிறது. பெயரை மாற்றியது நல்லது. தெருவில் எல்லோரும் இன்னும் ‘குப்பைக்காரி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த அம்மாவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறார் என்றும் கேளுங்கள். நாளைக் காலை வண்டிச் சத்தம் கேட்டதும், உங்கள் இரண்டு வாளிகளையும் ஒரு செம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு கேட்டுக்கு நேராகப் போய் நில்லுங்கள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி கூப்பிடுங்கள்.